எடைக்கு வராத மிளகாய் மூட்டை

மதுரையில் வணிகச் செய்தி எழுதும் வேலையை 2003-ல் தொடங்கினேன். அப்போது அந்த வேலைக்குத் தனியாகப் பெயர்கூடக் கிடையாது. "மார்க்கெட் நிலவரம் எழுதுற தம்பி" என்பார்கள். காலை பத்து மணிக்குக் கீழமாசி வீதிக்குள் நுழைந்து துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, மிளகாய் வற்றல், பாமாயில் என்று கடை கடையாக விலை கேட்டு எழுதிக்கொள்வேன். பூ மார்க்கெட்டுக்கு ஒரு போன். மதியத்துக்குள் ஆபீசுக்குப் போய் இருபது வரி அடித்துக் கொடுக்க வேண்டும். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும்.

அப்பா அதே வீதியில் ஒரு கமிஷன் மண்டியில் முப்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கணக்குப்பிள்ளை மகன் என்பதால் எடைத்தட்டுக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். வேலை கிடைத்த வாரமே அப்பா என்னை உட்கார வைத்து அன்றாடம் எழுதும் நாள்வழி, ஆள்வாரியாகக் கணக்கு வைக்கும் பேரேடு, ஐந்தொகை மூன்றையும் சொல்லிக்கொடுத்தார். இப்போது சொத்தையும் கடனையும் காட்டி இருப்புநிலைக் குறிப்பு என்று அச்சடிக்கிறோமே, அதைத்தான் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை என்பார்கள். மூட்டை வந்திருந்தால் எடைச்சீட்டு இருக்கும், எடைச்சீட்டு இருந்தால் நாள்வழியில் ஒரு வரி இருக்கும், நாள்வழியில் வரி இருந்தால் பேரேட்டில் ஒரு ஆள் பெயர் இருக்கும் என்றார். இதில் ஒன்று காணவில்லை என்றால் மற்ற இரண்டையும் சந்தேகப்படு என்றார். பிற்பாடு நான் எழுதிய பெரிய செய்திகள் எல்லாம் இந்த மூன்று நோட்டுக்குள் அடங்கிவிடும்.

பூ மார்க்கெட்டில்தான் முதல் அடி வாங்கினேன். ஒரு மார்கழி மாதம். பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறும் சமயம். மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் போனில் கேட்டு, அவர் சொன்ன விலையை அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஆபீசுக்குப் போன் செய்தார். "தம்பி, நான் கூடையை இறக்குனா உங்க பேப்பரைக் காட்டி இதுதான் விலைங்கிறாங்க. அந்தப் பக்கம் திரும்பி அதுக்கு ரெண்டு மடங்குக்கு விக்கிறாங்க. நீங்க யாரைக் கேட்டுப் போடுறீங்க?" என்றார். அதட்டவே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பொடி எழுத்தில் வரும் ஒரு எண் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் வரவைப் பாதியாக்கும் என்று அன்றுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து அதிகாலையில் நேரில் போனேன். கூடை இறக்குகிறவரிடம் ஒரு விலை, வாங்கிக்கொண்டு போகிறவரிடம் ஒரு விலை. இரண்டையும் போட்டேன். அந்த வியாபாரி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இந்தப் பழக்கத்தை யாருக்கும் சொல்வேன். பணம் கைமாறும் எந்த இடத்திலும் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் உண்டு. இருவரையும் கேட்காமல் எழுதினால், நாம் யாருக்கோ சம்பளமில்லாத ஆளாக வேலை பார்க்கிறோம் என்று அர்த்தம்.

2007 மே 9-ம் தேதியைச் சொல்லாமல் மதுரையில் பத்திரிகை வேலையைப் பற்றிப் பேச முடியாது. கருத்துக்கணிப்பு ஒன்று வெளியானதையொட்டி மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. 3 பேர் இறந்தார்கள். இருவர் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் காவலாளி. கருத்துக்கணிப்பில் ஒரு வரிகூட அவர்கள் எழுதியதில்லை. நான் அப்போது வேறொரு பத்திரிகையில் இருந்தேன். செய்தி வந்தபோது கீழமாசி வீதியில் நிற்கிறேன். அப்பா மண்டியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, பிடித்த கையை விடவும் இல்லை. கீழ்க்கோர்ட்டில் எல்லோரும் விடுதலையானார்கள். 2019-ல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் இந்த ஊரில் ஒவ்வொரு நிருபரின் வீட்டிலும் அம்மாவோ மனைவியோ "எதுக்குப்பா நமக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேரை நினைக்காமல் ஒரு கடுமையான செய்தியை நான் டெஸ்குக்கு அனுப்பியதில்லை. நான் எழுதுகிறேன், கட்டடத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அதைத் தாங்க வேண்டும்.

ஆனால் வணிகப் பக்கத்துக்கு ஆபத்து வாசல் வழியாக வருவது அபூர்வம். அது விளம்பரப் பிரிவிலிருந்து மாடிப்படி ஏறி வரும். மாவட்டங்களில் பகுதி நேர நிருபர்களாக இருப்பவர்களுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன், அதுதான் வருமானம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டார்கெட் உண்டு. காலையில் ஒரு நிதி நிறுவனத்தில் விளம்பரம் கேட்டு நின்றவர், அன்று சாயங்காலம் அதே நிறுவனத்தின் மேல் வந்த புகாரை எழுதுவாரா? அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிக் கூட்டம் போடும் நண்பர்களிடம் நான் முதலில் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள் என்பது இதனால்தான்.

அப்புறம் கவர். பிரஸ் மீட் முடிந்ததும் செய்திக்குறிப்போடு ஒரு பைல் கொடுப்பார்கள். உள்ளே ஒட்டாத கவர் ஒன்று இருக்கும். நகைக்கடை திறப்பு விழா என்றால் வெள்ளிக் காசு. முதல் தடவை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மூன்று நாள் அலமாரியில் இருந்தது. நாலாம் நாள் திருப்பிக் கொடுக்கப் போனால், கொடுத்தவர் அவமானப்பட்டார், பகையானது. அதிலிருந்து கற்றுக்கொண்டது: பைலை வாங்கிய அதே இடத்தில் திறந்து பார்த்து, கவரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கண்ணே" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. நிதிச் செய்தி எழுதுகிறவர்கள் பரிசு, கடன், இலவசப் பயணம், சலுகை விலைப் பங்கு எதையும் நிறுவனங்களிடம் வாங்கக்கூடாது என்று பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா நெறிமுறையே வைத்திருக்கிறது. நான் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். என் பெயரிலோ மனைவி பெயரிலோ இந்த ஊர் நிறுவனம் எதிலும் சீட்டோ டெபாசிட்டோ கிடையாது. மனைவியின் நகைச் சீட்டைக்கூட நிறுத்தினேன். அதற்கு அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

இனி அந்த நிறுவனத்தின் கதை. பெயர் வேண்டாம், வழக்கு இன்னும் முடியவில்லை. பைபாஸ் ரோட்டில் கண்ணாடி போட்ட கட்டடம். லட்சம் ரூபாய் போட்டால் மாதம் 3,000 ரூபாய் வட்டி. மிளகாய் வற்றலும் மஞ்சளும் தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கன்டெய்னர் கன்டெய்னராக ஏற்றுமதி செய்கிறோம், அந்த லாபத்தில்தான் கொடுக்கிறோம் என்றார்கள். உசிலம்பட்டியிலிருந்து மேலூர் வரை ஏஜென்ட் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், கண்டக்டர்கள், ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆட்கள்.

முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் 10 கோடி. மாத வட்டி 30 லட்சம், வருடத்துக்கு 3 கோடியே 60 லட்சம். ஏஜென்டுக்கு நூற்றுக்கு 5 கமிஷன் என்றால் இன்னும் 50 லட்சம். ஆக, அசலைத் தொடாமல் இருக்க நூற்றுக்கு 41 ரூபாய் லாபம் பார்த்தாக வேண்டும். கட்டட வாடகை, சம்பளம் எல்லாம் அதற்கு மேல். டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனமே வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. மண்டியில் மிளகாய் வியாபாரி நூற்றுக்கு நாலு ரூபாய் நின்றாலே சந்தோஷப்படுவார்.

கணக்கு இடிக்கிறது என்பது செய்தி ஆகாது. சந்தேகம், அவ்வளவுதான். சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினேன். ஒரு கம்பெனி தாக்கல் செய்த ஆண்டறிக்கை, ஐந்தொகை, இயக்குநர்கள் பட்டியல் எல்லாவற்றையும் யாரும் அப்படிப் பார்க்கலாம். ஊரெல்லாம் கோடிகளில் பேசிக்கொண்டிருந்த நிறுவனம் அரசாங்கத்துக்குக் காட்டியிருந்த வருட வருமானம் சில லட்சம். டெபாசிட் என்ற தலைப்பே இல்லை. 'இயக்குநர்களிடம் பெற்ற கடன்' என்று ஒரு வரி இருந்தது. ஆடிட்டர் குறிப்பு இருந்த பக்கத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தொகையில் எப்போதும் எண்களை விட அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்தது மிளகாய். மசாலாப் பொருள் ஏற்றுமதி செய்ய நறுமணப் பொருள் வாரியத்தில் பதிவு வேண்டும். கொச்சியில் இருக்கும் அந்த வாரியத்துக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டேன். ஒரே கேள்வி: இந்தப் பெயரில், இந்த முகவரியில் ஏற்றுமதியாளர் பதிவு இருக்கிறதா? ஆர்டிஐயில் நீளமாகக் கேட்டால் நீளமாக மறுப்பார்கள். பதில் வருவதற்குள் கீழமாசி வீதியில் மண்டி மண்டியாக ஏறி இறங்கினேன். பிறகு விருதுநகர். "இந்தக் கம்பெனிக்கு நீங்க எடை போட்டிருக்கீங்களா?" கன்டெய்னர் கணக்கில் ஒருவன் வற்றல் வாங்கினால் அந்த வட்டாரத்தில் விலையே அசையும், யார் வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவர்கூட ஒரு மூட்டை எடை போடவில்லை. வயதான மண்டிக்காரர் ஒருவர் தன் நாள்வழியையே என் முன்னால் திருப்பி வைத்து, "நீயே பாரு, உங்க அப்பாகிட்ட படிச்சவன்தானே" என்றார். முப்பதாம் நாள் வாக்கில் வாரியத்திலிருந்து பதில் வந்தது. அப்படி ஒரு பதிவு இல்லை.

அதன் பிறகு பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், நிறுவனம் வாங்கியதாகச் சொன்ன நிலங்கள் நிறுவனத்தின் பெயரில் இல்லை, அவர்களுடைய உறவினர்கள் பெயரில் இருந்தன. 14 கேள்விகள் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏழு நாள் அவகாசம் கொடுத்தேன். பதில் நிறுவனத்திலிருந்து வரவில்லை. எங்கள் விளம்பரப் பிரிவிலிருந்து வந்தது.

தீபாவளிக்கு முழுப் பக்க விளம்பரம், கலரில், மூன்று நாள். "செய்தி நல்ல செய்திதான், யாரும் வேணாம்ன்னு சொல்லலை. தீபாவளி முடியட்டும்" என்றார்கள். ஒருவரும் செய்தியைக் கிழித்துப் போடவில்லை. ஒருவரும் மிரட்டவில்லை. 23 நாள் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது.

அந்த 23 நாளில் ஒரு நாள், ஆபீஸ் பக்கத்து டீக்கடை வாசலில் பூக் கட்டி விற்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, நீங்க பேப்பர்ல இருக்கீங்க. பைபாஸ் ரோட்டுல அந்தக் கம்பெனி இருக்குல்ல, அது நல்ல கம்பெனியா?" கையில் பாதி கட்டிய சரம். விரல் நிற்கவே இல்லை, நார் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, கண் மட்டும் என்னைப் பார்த்தது. செய்தி வெளியாகும் முன் வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் ஒழுங்கு. சொன்னால் நிறுவனத்துக்குத் தகவல் போய்க் கோர்ட்டில் தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. "கொஞ்ச நாள் பொறுங்கக்கா, அவசரப்படாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏஜென்ட் "தீபாவளி ஆபர் நாளையோட முடியுதுக்கா" என்றிருக்கிறார். அக்கா ஒன்றரை லட்சம் போட்டார். அதில் பாதி நகையை அடகு வைத்த பணம்.

இப்போது யாராவது அப்படிக் கேட்டால் நான் நல்லது கெட்டது சொல்வதில்லை. ஆனால் மூன்று கேள்விகளைக் கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனிப் பதிவுச் சான்றையும் ஜிஎஸ்டி சான்றையும் காட்டினால் அது அனுமதி ஆகாது. சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்கு வாங்கிய பதிவு எண்ணைக் கேளுங்கள். நிதி என்று பெயர் வைத்திருந்தால் அவர்கள் உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனீர்கள் என்றால் அங்கேயே விதி மீறப்பட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். இதில் எந்த ரகசியமும் இல்லை. எந்தச் செய்தியும் வெளியே கசியாது. அன்றைக்கு அந்த அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் செய்தி வந்தது. 'மோசடி' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. நிறுவனம் என்ன சொல்கிறது, தாக்கல் செய்த ஆவணம் என்ன சொல்கிறது, வாரியத்தின் பதில் என்ன, கேள்விகள் அனுப்பிய தேதி என்ன. இவ்வளவுதான். குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. அது அடக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை, கோர்ட்டில் நிற்கும்போது அதுதான் காப்பாற்றும்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் அறுபது எழுபது பேர். நான் எதிர்பார்த்தது நன்றி சொல்ல வருவார்கள் என்று. வந்தவர்கள் திட்ட வந்தார்கள். "எங்களுக்கு மாசாமாசம் ஒண்ணாந்தேதி வட்டி வந்துருது. உனக்கு என்ன வந்துச்சு?" ஒரு பெரியவர் பாஸ் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். வரிசையாக 3,000, 3,000, 3,000. வட்டி வருவதே ஆதாரம் அவருக்கு. அது அவர் பணத்திலிருந்தே அவருக்கு வருகிறது என்பதை அந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது? இரண்டு மாதம் கழித்து 'சர்வர் பழுது' என்று போர்டு மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். அப்போதும் பாதிப் பேர், "நல்லாத்தான் நடந்துச்சு, பேப்பர்காரன் எழுதித்தான் கெட்டுச்சு" என்றார்கள். இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். யாருக்காக எழுதினோமோ அவர்களே நம்மை முதலில் வெறுப்பார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தப்பட்ட அன்று அந்தப் பெரியவருக்கு முதலில் போன் செய்தது நான்தான். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொன்னேன்.

வீட்டுக்குள் நடந்தது அதை விடக் கஷ்டம். என் தாய்மாமன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நிறுவனத்துக்கு ஏஜென்ட். எனக்குத் தெரியாது. செய்தி வந்த அன்று ராத்திரி போன் செய்தார். "என்ன மாப்ள, நம்ம குடும்பத்துலயே கை வச்சுட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே முதலாளிகிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்ல." அவர் தன் ஓய்வூதியப் பணம் முழுவதையும் அதில் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவரை நம்பிப் போட்டவர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் ஊரை விட்டே போய்த் திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தார். அம்மாவின் சாவுக்குத்தான் திரும்ப வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் வக்கீல் நோட்டீஸ். ஒரு கோடி நஷ்டஈடு. கூடவே பக்கத்து மாவட்டத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவதூறு வழக்கு. பத்திரிகை எங்கெல்லாம் விற்கிறதோ அங்கெல்லாம் வழக்குப் போட வழி இருக்கிறது, அலைய விடுவதற்கு அது வசதி. அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; புதிய சட்டத்தில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. பணம் சம்பந்தப்பட்ட செய்தி எழுதுகிறவன் தலைக்கு மேல் இந்தக் கத்தி எப்போதும் தொங்கும். இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். நஷ்டம் என்றால் சிவில் வழக்குப் போடட்டும். எழுதியதற்காகச் சிறை என்பது எந்த நியாயத்திலும் சேராது.

நிர்வாகம் முதல் இரண்டு வாய்தாவுக்கு வக்கீல் வைத்தது. மூன்றாவதுக்கு, "நீங்களே பார்த்துக்கங்க" என்றது. அதன் பிறகு இரண்டு வருடம், வாய்தாவுக்கு வாய்தா காலை முதல் பஸ். இயக்குநர்கள் கைதானதும் வழக்குப் போட்டவர் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்தினார். புகார்தாரர் ஆஜராகவில்லை என்று என்னை விடுவித்தார்கள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன், சந்தோஷமாக இருக்கவில்லை, அசதியாக இருந்தது.

ஆகவே எழுதப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது என்பதைச் செய்தி வருவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். குறிப்பேடு, தபால் ரசீது, ஒப்புகை அட்டை, பதிவு செய்த பேச்சு எதையும் மூன்று வருடம் எறியாதீர்கள். சிவில் அவதூறு வழக்குக்கு ஒரு வருடம், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம் காலவரம்பு. பொது ஆவணத்தை ஆதாரமாக வைத்து எழுதுங்கள். 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், நக்கீரன் தொடர்பான வழக்கு அது, நீதிமன்ற ஆவணம் உட்படப் பொது ஆவணங்களில் உள்ளதை எழுத அனுமதி தேவையில்லை என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தகவல் கொடுத்தவரின் பெயரை நோட்டில் முழுதாக எழுதாதீர்கள். பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) பிரிவு, தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி நிருபரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆனால் அது கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும்தான். கோர்ட்டிலும் போலீசிலும் அந்தப் பாதுகாப்பு தனிச் சட்டமாக நமக்கு இல்லை. ஆர்டிஐயும் முன்போல இல்லை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்டிஐ சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவில் பொதுநலனுக்காகத் தரலாம் என்றிருந்த வாசகத்தை எடுத்துவிட வகை செய்தது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, இந்தத் தகவலில் பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வியை எழுத்தில் அனுப்புவதை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். 1992 ஏப்ரலில் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை மோசடியை வெளியே கொண்டுவந்த நிருபர் சுசேதா தலால் நடத்தும் மணிலைஃப் பத்திரிகை மேல், தேசியப் பங்குச் சந்தை 2015-ல் 100 கோடி கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. தடை கேட்ட மனுவைத் தள்ளிய பம்பாய் உயர் நீதிமன்றம், பங்குச் சந்தைக்கே 50 லட்சம் செலவுத்தொகை விதித்தது. செய்திக்கு முன்னால் கேள்விகள் அனுப்பியும் பதில் வரவில்லை என்பது அங்கே அவர்களுக்குப் பெரிய பலம். ஜெர்மனியில் வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கைத் தோண்டிய ஃபைனான்ஷியல் டைம்ஸ் நிருபர்கள் மேல் 2019-ல் அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையமே குற்றப் புகார் கொடுத்தது. அடுத்த வருடம் ஜூனில் 190 கோடி யூரோ இருப்பு கணக்கில் மட்டும்தான் இருந்தது என்று தெரிந்து நிறுவனம் விழுந்தது. ஜெர்மனியோ பைபாஸ் ரோடோ, எடைச்சீட்டு இல்லாத மூட்டை ஒன்றுதான்.

வழக்கு நடக்கும்போதே என்னை வேறு பக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு விலகினேன். இப்போது தனியாக எழுதுகிறேன், வருமானம் குறைவு, ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஐந்தொகை படிக்கச் சொல்லித் தருகிறேன். முதல் பாடத்துக்குக் கம்ப்யூட்டர் இல்லை. கீழமாசி வீதிக்கு அனுப்பி மல்லி விலை கேட்டு வரச் சொல்வேன், கொடுத்தவரிடமும் வாங்கியவரிடமும்.

நிறுவனத்தின் சொத்துகளை 1997-ம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் முடக்கியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் வழக்குகளை விசாரிக்கும் மதுரை டான்பிட் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. ஏலம் விட்டு வருகிற பணத்தைப் போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு எத்தனை வாய்தா ஆகுமோ. பூக்கார அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறார். மகள் கல்யாணம் கடன் வாங்கி முடிந்தது. பாஸ் புத்தகத்தை மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார், உறைக்குள் உதிர்ந்த மல்லிகை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

போன வாய்தாவும் தள்ளிப்போனது. வெளியே வந்ததும், "இது நாளைக்குப் பேப்பர்ல வருமா தம்பி?" என்று கேட்டார். தள்ளிப்போன வாய்தாவை எந்த டெஸ்கும் செய்தி என்று எடுக்காது. எனக்குத் தெரிந்த ஒரு உதவி ஆசிரியருக்குப் போன் செய்து, ஆயிரக்கணக்கான பேர் காத்திருக்கிறார்கள், தேதி மட்டுமாவது போடுங்கள் என்றேன். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றபடியே நாலு வரி அடித்து அனுப்பினேன். மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. அக்கா அதை வெட்டி அந்த உறைக்குள் வைத்துக்கொண்டார்.